ஓடுகிற மோட்டாரில் பீஸ் கட்டையைப் பிடுங்காதீர்கள்



என்னிடம் படித்தவர்களில் பலர் இன்று ஏரியூர் சுற்றுவட்டாரத்தில் போர் மோட்டார் வைத்து விவசாயம் பார்க்கிறீர்கள். அவசரத்துக்கு, ஓடுகிற மோட்டாரை நிறுத்த பீஸ் கட்டையைப் பிடுங்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அப்போது 'படார்' என்று ஒரு பொறி பறக்குமே, அது எங்கிருந்து வருகிறது என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை நுழைத்து எடுத்தால் கால்வனாமீட்டர் முள் ஆடும் என்று படித்தது நினைவிருக்கும். 1831-ல் பாரடே கண்டது அது. காந்தப்புலம் மாறினால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். நம் நாகமரைப் பக்கம் தேங்கி நிற்கிற காவிரித் தண்ணீர், மேட்டூரில் இறங்கி மின்சாரம் ஆவதும் இந்த விதியால்தான்.

இனி அடுத்த படி. மின்சாரம் ஓடுகிற சுருளே ஒரு காந்தம். ஓட்டத்தைத் திடீரென்று அறுத்தால் அந்தக் காந்தப்புலம் சரியும். அந்தச் சரிவு அதே சுருளில் மின்னழுத்தத்தை உண்டாக்கி, ஓட்டம் நிற்காதபடி தள்ளும். பாரம் ஏற்றிய வண்டி இறக்கத்தில் சட்டென்று நிற்காதல்லவா, அதுபோல. இதற்குத் தன் மின்தூண்டல் என்று பெயர். நீளமான கம்பியில் இணைப்பைத் துண்டிக்கும்போது பொறி எழுவதை 1832-ல் எழுதி வெளியிட்டவர் அமெரிக்காவின் ஜோசப் ஹென்றி. அவரும் நம்மைப்போல் பள்ளிக்கூட வாத்தியார்தான்! அவர் பெயரே இதன் அலகு.

ஒரு கணக்கு போடுவோம். ஒரு ஹென்றி கொண்ட சுருளில் 0.4 ஆம்பியர் ஓடுகிறது. அதை வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் நிறுத்தினால் 400 வோல்ட் எழும். எவ்வளவு வேகமாக அறுக்கிறோமோ, அவ்வளவு அதிகம்.

பழைய ட்யூப்லைட் எரிவது இதை வைத்துத்தான். ஸ்டார்ட்டர் இணைப்பை விடுவித்ததும், சோக்கில் எழும் உயர் மின்னழுத்தம் குழாய்க்குள் இருக்கும் வாயுவில் மின்சாரத்தைப் பாயவைக்கிறது.

மோட்டாருக்குள் இருப்பதும் சுருள்தான், ஆனால் ஓட்டம் பல மடங்கு. பீஸ் கட்டையைப் பிடுங்கினால் அந்த ஓட்டம் காற்றிலேயே தாவும். அந்தப் பொறிக்கு நேரே இருப்பது உங்கள் கையும் முகமும். போதாக்குறைக்கு, மும்முனையில் ஒரு கட்டையை மட்டும் எடுத்தால் மோட்டார் மற்ற இரண்டில் திணறி ஓடும். காயில் சூடேறிக் கருகும்.

ஸ்டார்ட்டரின் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மூன்று முனையும் ஒன்றாக விடுபடும். பொறி பெட்டிக்குள்ளேயே அடங்கிவிடும். ஆகவே முதலில் பொத்தான், பிறகு மெயின் சுவிட்ச், அதற்குப் பிறகுதான் பீஸ் கட்டை. ராத்திரி கரண்ட் வந்து தூக்கக் கலக்கத்தோடு போனாலும் இந்த வரிசை மாறக்கூடாது, கண்ணுகளா. காட்டில் இருக்கும் அப்பா, அண்ணன், தம்பிமாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார், ஏரியூர்.