அலாரம் பிடிக்காத திருடன்

2024ஆம் ஆண்டு இறுதியில் எங்கள் தாமானில் அடுத்தடுத்து இரண்டு கார்கள் களவு போயின. உடனே அப்பா எங்கள் பழைய கஞ்சிலுக்கு அலாரம் பொருத்திவிட்டார். பாட்டியை வாரம் மூன்று நாள், காலை 6.30க்கு இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஏற்றிச் செல்வது அந்தக் கார்தான். புதிய கார் வைத்திருப்பவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம்.

திருடன் வரவில்லை. ஆனால், திங்கட்கிழமை காலையில் காருக்கு உயிரில்லை. பக்கத்து வீட்டு அங்கிள் வயர் கொடுத்துக் கிளப்பிவிட்டார். அடுத்த திங்களும் அதே கதை. அலாரம் பொருத்திய கடைக்காரர், "பேட்டரி பழசு" என்றார். 180 வெள்ளிக்குப் புதிய பேட்டரி வாங்கினோம். மூன்றாம் திங்கள் அதுவும் படுத்துவிட்டது. பழி தம்பிமேல் விழுந்தது. வெள்ளிக்கிழமை மாலை அவன்தான் கார் கழுவுவான். கதவைச் சரியாகச் சாத்தாமல் உள்விளக்கை எரியவிட்டிருப்பான் என்பது அப்பாவின் தீர்ப்பு. தம்பி அழவில்லை, பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டான்.

தொழிற்சாலையில் வயர்மேனாக இருக்கும் மாமா, அந்த வாரக் கடைசியில் மீட்டரோடு வந்தார். "பேட்டரிய குத்தம் சொல்றதுக்கு முன்னாடி அளந்து பாக்கணும்மா," என்று என்னையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். சார்ஜ் ஏற்றிய பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது. இயந்திரம் ஓடும்போது 14.1. ஆகவே பேட்டரியும் நலம், அதற்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரும் நலம்.

பிறகு சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, வயருக்கும் முனைக்கும் நடுவே மீட்டரை இணைத்தார். ஐந்தாம் ஆண்டு அறிவியலில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் வரைந்து காட்டிய தொடர் மின்சுற்றேதான்! உறங்கும் காரில் 0.05 ஆம்பியருக்குக் கீழே ஓடினால் கவலையில்லை. எங்கள் மீட்டர் 0.41 காட்டியது. வெள்ளி மாலையிலிருந்து திங்கள் விடியல்வரை 60 மணி நேரம். பெருக்கினால் ஏறக்குறைய 25 ஆம்பியர்-மணி. எங்கள் பேட்டரியின் முழுக் கொள்ளளவே 35தான்.

கதவைத் திறந்தால் உள்விளக்கு கணக்கைக் கெடுக்கும் என்று, தூணிலுள்ள கதவு சுவிட்சை டேப் ஒட்டி அழுத்தி வைத்தார் மாமா. நான் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன். முதல் நான்குக்கும் எண் பெரிதாக அசையவில்லை. ரேடியோ பியூஸைப் பிடுங்கியதும் 0.01க்கு விழுந்தது. ரேடியோதான் திருடன் என்று துள்ளினேன். மாமா பியூஸைத் திரும்பச் செருகி, ரேடியோவின் பிளக்கையே கழற்றினார். மறுபடியும் 0.41! அவர் ஒன்றும் சொல்லாமல் முன்னிருக்கைக்கு அடியில் கையை விட்டு, "இங்க தொட்டுப் பாரு," என்றார். முந்தைய உரிமையாளர் விட்டுச்சென்ற ஆம்ப்ளிபையர் பெட்டி, இளஞ்சூடாக இருந்தது.

ரேடியோவுக்குப் பின்னே இருந்த டேப் உருண்டையைப் பிரித்ததும் விஷயம் புரிந்தது. எப்போதும் மின்சாரம் உள்ள மஞ்சள் வயரில் அலாரத்துக்கு இணைப்பு எடுத்தவர், ஆம்ப்ளிபையரை எழுப்பும் நீல வயரையும் அதே முறுக்கில் சேர்த்துவிட்டார். ரேடியோ போட்டால் மட்டும் விழிக்க வேண்டிய பெட்டி, இரவும் பகலும் சத்தமில்லாமல் விழித்திருந்திருக்கிறது. வெறும் முறுக்கும் டேப்பும் நம் வெயிலுக்கு எத்தனை நாள் தாங்கும் என்பது வேறு கதை. கூலி வாங்கிச் செய்கிற வேலையா இது என்று எனக்குக் கோபம் வந்தது. மாமா நீல வயரைப் பிரித்து அதன் இடத்தில் சேர்த்து, அலாரத்தின் இணைப்பை ஈயம் வைத்துப் பற்றவைத்தார். மீட்டர் 0.03 காட்டியது. அதிலும் பாதிக்கு மேல் அலாரத்தின் பங்கு.

அப்பா மீட்டரையே சற்று நேரம் பார்த்தார். பிறகு தம்பியைக் கூப்பிட்டு, கார் சாவியைக் கொடுத்து, "நீயே பூட்டுடா," என்றார்.

திங்கட்கிழமை ஒரே திருப்பில் கார் கிளம்பியது. பாட்டிக்கு மட்டும் இன்னும் ஒரு குறை: பூனை பானட்டில் குதித்தாலும் அலாரம் அலறுகிறதாம். அதற்கும் ஒரு திருகு இருக்கிறது, அடுத்த முறை குறைத்துவிடலாம் என்று மாமா சொல்லியிருக்கிறார்.