குளிர் மலையில் ஒரு குளிர் போத்தல்

கேமரன் மலைக்காரர்களிடம் போய், ஐஸ் தண்ணீரை ரொம்ப நேரம் குளிராகவே வைத்திருக்கும் போத்தல் எது என்று கேட்டால் முதலில் சிரிப்பார்கள். தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. விடிகாலையில் குழாய்த் தண்ணீரே பல்லைக் கூச வைக்கும். கீழே இருக்கிற சனங்கள் இந்தக் குளிருக்காகவே காசு செலவழித்து ஏறி வருகிறார்கள். இங்கே வீட்டுக்கு வீடு இருந்தது சூட்டுக்கான பிளாஸ்க்தான். கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் கூடையோடு அதையும் தூக்கிக்கொண்டு போவார்கள். பத்து மணிக்குப் பனியில் நனைந்த கையோடு ஒரு மூடி தே-ஓ குடித்தால்தான் விரல் மடங்கும்.

அம்மாவும் அப்படித்தான் பல வருஷம் கொழுந்தெடுத்தார். இப்போது தேயிலைச் சரிவுகளில் கைக்கூடையை அதிகம் பார்க்க முடியாது. கத்தரியும், இரண்டு பேர் பிடித்து நடக்கிற இயந்திரமும் வந்துவிட்டன. பிடித்து நடப்பவர்களும் பெரும்பாலும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்த பையன்கள். அம்மா ரிங்லெட்டுக்குக் கீழே, லெம்பா பெர்த்தாமில் ஒரு காய்கறித் தோட்டத்துக்கு மாறிக்கொண்டார். தக்காளி, குடைமிளகாய் எல்லாம் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே. மழையைத் தடுக்கப் போட்ட கூரை வெயிலை உள்ளே விடும். உள்ளே ஏறிய சூட்டை லேசில் வெளியே விடாது. வெளியே சுற்றுலாக்காரர்கள் சுவெட்டர் போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள், உள்ளே மதியம் பதினொன்றுக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.

“அந்த ஐஸ் போத்தல் ஒண்ணு வாங்கிக் குடும்மா. கொண்டுபோற தண்ணி பத்து மணிக்கே வெந்நீ மாதிரி ஆயிருது” என்றார் அம்மா. அப்படித்தான் நான் போத்தல் ஆராய்ச்சியில் இறங்கினேன்.

முதலில் தெரிந்துகொண்டது, குளிருக்கு ஒன்று, சூட்டுக்கு ஒன்று என்று தனித்தனிப் போத்தல் இல்லை. 1892-இல் லண்டனில் ஜேம்ஸ் டூவர் என்ற விஞ்ஞானி திரவ வாயுக்களைக் குளிராகவே வைத்திருக்க இரட்டைச் சுவர்ப் பாத்திரம் ஒன்றைச் செய்தார். சுவர்களுக்கு நடுவே இருந்த காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால், கடத்திக்கொண்டு போக ஆளில்லாமல் வெப்பம் தாண்ட முடிவதில்லை. 1904-இல் ஜெர்மனியில் அதை வியாபாரமாக்கித் தெர்மோஸ் என்று பெயர் வைத்தார்கள். ஆக அம்மாவின் பழைய தே-ஓ பிளாஸ்க் பிறந்ததே குளிருக்காகத்தான். அதற்குள் கண்ணாடி. வரப்பில் ஒருமுறை விழுந்தால் சலசலவென்று சத்தம் கேட்கும், கதை முடிந்தது. இப்போது வருவது இரண்டு சுவரும் எவர்சில்வர். அடியில் 18/8 என்று போட்டிருந்தால் அது 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்த எஃகு. துருப்பிடிக்காது, தண்ணீரில் வாடை ஏறாது.

பசார் மாலாமில் பதினைந்து வெள்ளிக்கும் இருக்கிறது, பேரங்காடியில் நூற்றைம்பது வெள்ளிக்கும் இருக்கிறது. விலையைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியதில்லை. கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடி, ஐந்து நிமிஷம் கழித்து வெளிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். உடம்பு சுட்டால் உள்ளே வெற்றிடம் இல்லை என்று அர்த்தம். ஐஸ் தண்ணீர் ஊற்றினால் வெளியே வேர்க்கக்கூடாது. பெட்டியில் ‘24 மணி நேரம்’ என்று மட்டும் போட்டிருந்தால் அது பெரிசாக ஒன்றும் சொல்வதில்லை. எந்தச் சூட்டில் வைத்துப் பார்த்தார்கள்? ஜப்பானியப் போத்தல்களில் கணக்கு நேராக இருக்கும்: 20 டிகிரி அறையில், 4 டிகிரித் தண்ணீர் 6 மணி நேரம் கழித்து எத்தனை டிகிரிக்குள் இருக்கும் என்று அச்சடித்திருப்பார்கள். நல்ல போத்தலிலும் வெப்பம் புகுகிற வழி கழுத்தும் மூடியும்தான். வாய் சின்னதாக இருந்தால் குளிர் நிற்கும், பெரிதாக இருந்தால் ஐஸ் போடலாம், கைவிட்டுக் கழுவலாம். நான் பெரிய வாய் பக்கம். ஏனென்றால் ஐஸ்தான் உண்மையான சேமிப்பு. ஒரு கிலோ ஐஸ் உருகுவதற்கு எடுத்துக்கொள்கிற வெப்பம், அதே அளவு தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரிக்கு ஏற்றப் போதும்.

இவ்வளவும் பார்த்து ஒரு லிட்டர் போத்தலைத் தேர்ந்தெடுத்து அம்மாவிடம் படம் காட்டினேன். பார்த்த உடனே, “இவ்ளோ பெரிசு வேணாம். சின்னதா பாரு” என்றார். நிரப்பினால் ஒன்றரைக் கிலோ வரும், கனம் என்றுதான் சொல்கிறார் என நினைத்தேன். அது இல்லை.

“அவ்ளோ தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு எங்க போறது? ஆம்பளைங்க வாய்க்கா ஓரமா போயிருவாங்க. நாங்க கீழ பேக்கிங் கொட்டகை வரைக்கும் நடக்கணும். போயி வர அரை மணி நேரம். முகம் சுளிப்பாங்க.”

எந்தப் பெட்டியிலும் இந்தக் கணக்கு அச்சடிக்கப்பட்டிருக்கவில்லை. போத்தல் வாங்கும்போது கொள்ளளவு என்பது நம் தாகத்தைப் பொறுத்தது என்றுதான் நினைக்கிறோம். அம்மாவும் கூட வேலைசெய்யும் அக்காமார்களும் அதைக் கக்கூஸின் தூரத்தால் அளக்கிறார்கள். காலையில் தேநீரையே பாதிதான் குடிப்பார்களாம். வேர்த்துக் கொட்டும் கூரைக்குக் கீழே தண்ணீரைக் குறைப்பவர்களுக்கு நீர்க்கடுப்பு வராமல் என்ன செய்யும்?

இது இந்த மலையின் கதை மட்டுமல்ல. கேரளாவில் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் கடைகளில் வேலை பார்த்த பெண்களும் இதே காரணத்துக்காகத் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். தையல் வேலை செய்துவந்த விஜி அவர்களைத் திரட்டி, ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பின் வழியே முதலில் கேட்டது கழிப்பறை. அடுத்துக் கேட்டது உட்கார ஒரு நாற்காலி. நாற்காலி 2018-இல் கேரளச் சட்டத்தில் ஏறியது, 2021-இல் தமிழ்நாட்டிலும் வந்தது. மலேசியாவில் 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் விவசாயத்துக்கும் பொருந்தும். தொழிலாளியின் நலனுக்குப் போதுமான வசதியை நடைமுறைக்கு இயன்ற அளவில் செய்துதருவது முதலாளியின் கடமை என்கிறது அதன் 15-ஆவது பிரிவு. இதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். “இத யாரு போயி அங்க சொல்றது?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அவருக்கு மாதச் சம்பளம் இல்லை, நாள் கூலி.

கடைசியில் வாங்கியது 500 மில்லி. பெரிய வாய், கையுறையோடு திருகித் திறக்கிற மாதிரி சொரசொரப்பான மூடி, மூடியில் ஒரு வளையம். அறுபத்தெட்டு வெள்ளி. முதல்நாள் ராத்திரியே போத்தலில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி வைத்துவிட்டு, காலையில் அதைக் கொட்டி ஐஸும் புதுத் தண்ணீரும் நிரப்பிக் கொடுக்கிறேன். அப்படிச் செய்தால் எஃகைக் குளிரவைக்க ஐஸ் செலவாகாது.

நல்ல போத்தல்தான். சாயங்காலம் அஞ்சரைக்கு அம்மா வீட்டுக்கு வந்ததும் வாங்கிக் குலுக்கிப் பார்ப்பேன். பல நாட்கள் உள்ளே இன்னும் ஐஸ் கட்டி இடிக்கும் சத்தம் கேட்கிறது, தண்ணீரும் பாதிக்கு மேல் இருக்கிறது.