தென்னம்பிள்ளையும் ஏழாண்டும்



எமது அன்னையார் எம் வயதைக் கூறும்போது பிறந்த ஆண்டைக் குறிப்பிடுவதில்லை. "சூறாவளி அடிக்கேக்குள்ள இவன் மூன்று மாதப் பிள்ளை" என்பார். 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் இரவு மட்டக்களப்பைத் தாக்கிய அச்சூறாவளி ஏறத்தாழ 900 உயிர்களைப் பறித்தது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் சேதமுற்றன. எழுவான்கரையிலிருந்த தென்னந்தோப்புகள் ஓரிரவிற் சரிந்தன. எமது தோப்பும் அவற்றுள் ஒன்று.

நிவாரண அரிசி சில மாதங்களில் நின்றுபோயிற்று. அன்னையார் நட்ட தென்னம்பிள்ளைகள் காய்ப்பதற்கோ ஏழாண்டுகள் சென்றன. அதுவரை, தோப்புக்குச் சொந்தக்காரராயிருந்த எம் தந்தையார் பிறர் காணியிற் கூலி வேலை செய்தார். தேங்காயைக் கடையில் வாங்கினோம். முதற் குலையை வெட்டிய நாளிலே தந்தையார் ஒரு காயையும் விற்கவில்லை. அயலார் அனைவர்க்கும் பகிர்ந்தளித்தார். அப்பொழுது நாம் இரண்டாம் வகுப்பிற் பயின்றுகொண்டிருந்தோம்.

பின்னர் நாமே ஆசிரியரானோம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கரையோரக் கிராமங்களை அழித்தபோது, நாம் கற்பித்த பாடசாலை இடம்பெயர்ந்தோர் முகாமாயிற்று. எங்கெங்கிருந்தோ உடைகள் வந்து குவிந்தன. அவற்றுட் பல தடித்த கம்பளிக் கோட்டுகள். வியர்வை ஒழுகும் வெயிலில் அவற்றை அணிந்து பார்த்துப் பிள்ளைகள் சிரித்தனர், நாமும் சிரித்தோம். சில மாதங்களில் வாகனங்கள் வருவது குறைந்தது. படகையும் வலையையும் இழந்த மீனவர் ஒருவரின் மகன், எமது வகுப்பிலே கணிதத்திற் சிறந்தவன், ஒரு நாள் புத்தகங்களைத் திருப்பித் தந்துவிட்டுக் கூலிக்குச் சென்றான். அவன் பரீட்சை எழுதவில்லை. ஒரு வலையின் விலை கிடைத்திருந்தால் எழுதியிருப்பான். கோட்டுகளோ களஞ்சிய அறையிற் கிடந்தன.

இவ்வளவும் அறிந்திருந்தும் நாம் மறந்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ளுகின்றோம். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையைத் தாக்கி, வெள்ளத்தாலும் மலையக மண்சரிவாலும் 600 பேருக்கு மேல் மாண்டபோது, டூட்டிங்கில் நாமும் ஒரு பை நிறையப் பழைய கோட்டுகளைக் கட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்தோம். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பையைப் பார்த்து, "சேர், இது கப்பலில போய்ச் சேரேக்குள்ள அங்க வெயில் வந்திடாதா?" என்று வினவினாள். எமக்கு விடை கூற நா எழவில்லை. அந்தக் களஞ்சிய அறை எம் கண்முன்னே நின்றது.

மலையகத்திற் குளிர் உண்டு, உடையும் வேண்டும். ஆயினும் இங்கிருந்து பொதியை அனுப்பும் செலவிற்கு அங்குள்ள கடையிலேயே புதிய உடை வாங்கலாம், அக்கடைக்காரரும் பிழைப்பார். ஆகவே பணமாகக் கொடுப்பதே நன்று. கொடுக்குமுன் அந்த அறநிறுவனத்தின் பதிவு எண்ணைச் சரிற்றி கொமிஷன் பதிவேட்டிற் பார்த்துக்கொள்ளல் வேண்டும். அதன் வரவு செலவையும் அங்கே காணலாம். இந்நாட்டில் வருமான வரி செலுத்துவோர் 'கிஃப்ட் எயிட்' படிவத்தில் ஒப்பமிட்டால், நாம் கொடுக்கும் ஒவ்வொரு பவுணுக்கும் 25 பென்ஸ் அரசிடமிருந்து அந்நிறுவனத்தைச் சென்றடையும். ஒப்பமிட மறப்பதும் ஒரு நட்டமே.

பெற்றோர் கூட்டத்திலே நாம் ஒரு வேண்டுகோளை முன்வைத்தோம். ஒரே முறை ஐம்பது பவுண் கொடுத்து மறப்பதிலும், மாதம் இரண்டு பவுணாக ஏழாண்டு கொடுப்போம் என்பதே அது. "ஏழாண்டு நீண்ட காலம் அல்லவா, மாஸ்டர்?" என்றார் ஒரு தந்தையார். நீண்ட காலமே. புயல் செய்தியாக இருப்பது சில வாரங்கள். அதன்பின் வரும் ஆண்டுகளிலேதான் பிள்ளைகள் பள்ளியை விட்டு விலகுகின்றனர். இதனைக் கேட்ட சில குடும்பங்கள் அன்றே இணைந்தன. கேள்வி கேட்டவரும் இணைந்தார்.

மாணவச் செல்வங்களே, டூட்டிங் கடைத்தெருவில் அம்மா தேங்காய் வாங்கும்போது அதனை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். அதைத் தந்த மரத்துக்கு யாரோ ஒருவர் பல்லாண்டு தண்ணீர் ஊற்றியிருப்பார். இன்று ஐந்தாம் வகுப்பிற் பயிலும் நீங்கள் உயர்தரப் பரீட்சை எழுதும் காலத்திலேதான், புயலின் பின் அங்கு நடப்பட்ட பிள்ளைகள் காய்க்கும். அதுவரை கொடுப்போம்.