கன்று நட்ட பின் தொட்ட கமெரா

சகோதரிகளே, இம்முறை சற்றுத் தூரம் போவோம். பிரேசில் நாட்டின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில், டோசி ஆற்றுப் பள்ளத்தாக்கில், அய்மொரேஸ் என்றொரு சிற்றூர். அதனருகே சுமார் 700 ஹெக்டெயரில் ஒரு பழைய மாட்டுப்பண்ணை. இன்று உள்ளே நுழைந்தால் தலைக்கு மேல் காடு. 1990களில் போயிருந்தாலோ வெட்டாந்தரையைத்தான் கண்டிருப்பீர்கள். மேய்ச்சலுக்காகவும் பலகைக்காகவும் மரங்கள் அழிய, மழைநீர் மண்ணை வாரிக்கொண்டு ஓட, ஊற்றுக்களும் வற்றிக் கிடந்தன.

அப்பண்ணைக்காரரின் மகன்தான் உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் செபஸ்தியாவோ சல்காடோ. 1994இல் ருவாண்டா இனப்படுகொலையைப் படமெடுத்தவர், கண்ட கொடுமைகளால் உடலும் மனமும் நொந்து, இனிப் படமே எடுப்பதில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டார். ஊர் திரும்பியவரிடம், முன்பிருந்த காட்டையே மீண்டும் நடுவோம் என்றவர் மனைவி லேலியா.

சொல்வது இலகு, செய்வது அப்படியா? 1998இல் 'தெர்ரா' நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மறு வருடம் நடவு. ஊர்ப் பாடசாலைப் பிள்ளைகளும் வந்து நட்டார்கள். ஆரம்பத்தில் நட்டவற்றில் பாதிக்கு மேல் பட்டுப்போயின! விரைவாக வளருமே என்று யூக்கலிப்டஸை நட்டிருந்தால் பச்சை வந்திருக்கும், காடு வந்திராது. அந்த அத்திலாந்திக் காட்டுக்கே உரிய மரங்களின் விதைகளைத் தேடியெடுத்து நாற்றுமேடையில் வளர்த்தார்கள். விரைந்து வளர்பவை நிழல் தர, அதன் கீழ் நிதானமாக வளரும் பெருமரங்கள். இப்படி 20 இலட்சத்துக்கும் மேல்!

ஊற்றுக்கள் சுரந்தன. பறவைகள் திரும்பின. பார்க்கப் பார்க்கச் சல்காடோவுக்கு மீண்டும் கமெராவைத் தொட ஆசை வந்தது. இம்முறை போரும் அகதிகளும் அல்ல. மனிதன் இன்னும் கெடுக்காத இடங்களைத் தேடி, 2004இல் கலாபகோஸ் தீவுகளில் தொடங்கிச் சுமார் எட்டாண்டுகள் அலைந்தார். அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்கள் 'ஜெனசிஸ்' என்ற பெயரில் 2013இல் நூலாகவும் கண்காட்சியாகவும் வந்தன. கடலுக்கு மேல் எழும் திமிங்கிலத்தின் வாலையும் பனிப்பாறைகளையும் அதில் பார்ப்பவர்கள், அவற்றின் வேர் ஒரு நாற்றுமேடையில் இருக்கிறதென்று எங்கே ஊகிக்கப் போகிறார்கள்?

2025 மே மாதம் சல்காடோ காலமானார். 'ஜெனசிஸ்' நூலைத் தொகுத்து வடிவமைத்தவர் லேலியாதான். அவ்வளவு ஏன், கணவர் முதன்முதலில் கையிலெடுத்த கமெராவே, பாரிஸில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த லேலியா தமது படிப்புக்காக வாங்கியது.