எல்லார் துணியும் காய்ஞ்சது... அம்மாவோடது மட்டும் ஏன் காயலை?

ஐப்பசி பிறந்தால் எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் சில கட்டுரைகள் தவறாமல் வரும். மழைக்காலத்தில் என்ன சாப்பிடலாம், பைக்கை எப்படிப் பராமரிக்கலாம், கொசுவை எப்படி விரட்டலாம்... அந்த வரிசையில் 'வெயில் இல்லாமல் துணி காயவைக்க டிப்ஸ்' என்பதும் ஒன்று. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அது என் தலையில் விழுந்தது. அரை மணி நேரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். நிறைய பேர் படித்தார்கள். அம்மாவும் போனில் படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்க பாப்பா" என்றார்.

எழுதியதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால், எழுத வேண்டிய ஒன்றை விட்டுவிட்டேன். அது என்னவென்று போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோதுதான் தெரிந்தது.

எங்கள் ஊர் திருவையாற்றுப் பக்கம் ஒரு சின்ன கிராமம். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி எங்களுக்குக் குளிர்காலம் கிடையாது. எங்கள் குளிர்காலம் என்பது ஈரக்காலம். அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வருஷத்து மழையில் பெரும்பங்கு இந்த மூன்று மாதங்களில்தான் கொட்டும். 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் ஏறத்தாழ 66 செ.மீ. மழை பெய்தது. நான் அப்போது சின்னப் பெண். அந்த வாரம் முழுக்க வீட்டில் காய்ந்த துணி என்று ஒன்றுகூட இல்லாமல், அப்பாவின் பழைய வேட்டியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது.

அப்போது நாங்கள் பழைய ஓட்டு வீட்டில் இருந்தோம். நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம். தாழ்வாரத்து உத்தரத்தில் இரண்டு பக்கமும் கயிறு கட்டி, நீளமான மூங்கிலைத் தொங்கவிட்டிருப்பார்கள். அதுதான் கொடி. அப்பாயி ஒரு நீளக் குச்சியில் புடவையைத் தூக்கி, அண்ணாந்து பார்த்தபடி கொடியில் போட்டு, அதே குச்சியால் சுருக்கம் நீவிவிடுவார். முற்றத்தில் மழை கொட்டும். நாலடி தள்ளி, உயரத்தில், புடவை காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். ஒரு நாளில் காயாவிட்டாலும் இரண்டாம் நாள் காய்ந்துவிடும்.

அந்த வீட்டை இடித்துவிட்டு கான்கிரீட் வீடு கட்டினோம். ஹால், இரண்டு அறை, சமையலறை. ஒழுகாத வீடு வேண்டும் என்பது அம்மாவின் பல வருஷக் கனவு. ஒழுகவில்லைதான். ஆனால், முற்றம் போனது. அதோடு கொடியும் போனது. மழைக்காலம் வந்தால் ஹாலில் ஜன்னல் கம்பிக்கும் கதவு ஆணிக்கும் நடுவில் ஒரு நைலான் கயிறு. அவ்வளவுதான்.

கயிற்றில் யாருக்கு எந்த இடம்?

அந்த நைலான் கயிற்றில் எழுதப்படாத ஒரு வரிசை உண்டு. ஃபேனுக்கு நேர் கீழே தம்பியின் யூனிஃபார்ம், ஏனென்றால் அவன் காலையில் போக வேண்டும். அடுத்து அப்பாவின் வேட்டி, சட்டை. பிறகு போர்வை, துண்டு. நான் ஊருக்கு வந்தால் என் சுடிதார். ஓரத்தில் அம்மாவின் புடவை, நாலாக மடித்து, இடத்தை அடைக்காமல்.

அம்மாவின் உள்ளாடைகள் அந்தக் கயிற்றில் இருக்கவே இருக்காது. அவை குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில், ஈரத் துண்டுக்கு அடியில் இருக்கும். குழந்தையிலிருந்து பார்த்துப் பழகியதால் எனக்கு அது வித்தியாசமாகத் தெரிந்ததே இல்லை. வெயில் காலத்திலும் கொல்லைக் கொடியில் புடவையை விரித்து, அதற்கு அடியில்தான் போடுவார். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

தீபாவளிக்கு முதல் நாள். வெளியே விடாத மழை. அம்மா அடுப்படியில் அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தார். ஒரு கையில் கரண்டி, இன்னொரு கை இடுப்பைச் சொறிந்துகொண்டே இருந்தது. புடவை விலகிய இடத்தில் கருத்த வட்டமாக ஒன்று தெரிந்தது.

"என்னம்மா அது?"

"ஒண்ணுமில்ல. வேர்க்குரு."

"அடைமழையில ஏதும்மா வேர்க்குரு?"

பதில் இல்லை. ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு மறுபடி கேட்டேன். இரண்டு வருஷமாக இருக்கிறதாம். ஒவ்வொரு மழைக்காலத்திலும் அதிகமாகிறதாம். இடுப்பில் தொடங்கி, தொடை இடுக்கு வரை பரவியிருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஒரு டியூபை, மளிகை டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தார். போட்டால் நாலு நாள் அடங்குமாம். விட்டால் முன்னைவிடப் பெரிதாக வருமாம்.

"ஏம்மா சொல்லலை?"

"இதையெல்லாம் எப்படிடி சொல்றது?"

"உடம்புச் சூட்டுல காய்ஞ்சுடும்ங்க"

தீபாவளி முடிந்த கையோடு தஞ்சாவூரில் ஒரு தோல் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். பார்த்ததுமே அவர் படர்தாமரை என்றார். பூஞ்சைத் தொற்று. டியூபை வாங்கிப் பார்த்துவிட்டு, அதில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சொன்னார். அது அரிப்பையும் சிவப்பையும் அடக்கும், பூஞ்சையைக் கொல்லாது. தோலின் எதிர்ப்பைத் தூங்கவைத்துவிட்டு, பூஞ்சை தாராளமாகப் பரவ வழிவிடும். இப்படிப்பட்ட களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-லேயே சொல்லியிருக்கிறது. ஆனாலும் வெளியில் சொல்லக் கூச்சப்படுகிறவர்களுக்கு மெடிக்கல் ஷாப் கவுன்ட்டர்தான் டாக்டர்.

அடுத்து அவர் கேட்ட கேள்வி நான் எதிர்பார்க்காதது.

"உள்துணியெல்லாம் எங்கம்மா காயவைக்கிறீங்க?"

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "பாத்ரூம்லங்க."

"நல்லா காய்ஞ்ச பிறகுதான் போடுறீங்களா?"

"மழையில எங்கங்க காயுது? லேசா ஈரமாத்தான் இருக்கும். போட்டா உடம்புச் சூட்டுல காய்ஞ்சுடும்ங்க."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வெயிலோ ஹீட்டரோ இல்லாமல் துணி காயவைக்க எத்தனை வழி இருக்கிறது என்று பட்டியல் போட்டவள் நான். அதே நேரத்தில், என் அம்மா தன் உடம்பையே ஹீட்டராக வைத்துத் துணி காயவைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பூஞ்சைக்கு வேண்டியது ஈரம், கதகதப்பு, காற்று புகாத மூலை என்று டாக்டர் விளக்கினார். மூன்றையும் நாம்தான் தருகிறோம். முன்பு சில வாரங்களில் சரியான படர்தாமரை, இப்போது இந்தியாவில் மாதக்கணக்கில் இழுக்கிறது. வழக்கமான மாத்திரைக்குப் பல நேரம் கட்டுப்படாத ஒரு பூஞ்சை வகைக்கு 2020-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 'டிரைக்கோபைட்டான் இன்டோடினியே' என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே இந்தியா இருக்கிறது.

அப்பாவுக்குத் தெரிந்த கணக்கு

வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசலில் தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தார். குறுவை அறுவடை. எங்கள் பக்கம் அறுவடை நேரமும் மழை நேரமும் ஒன்றாக வந்து தொலைக்கும். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மழை பெய்யும் வருஷங்களில் அதை 22 ஆக்குங்கள் என்று டெல்டா விவசாயிகள் கேட்பது வழக்கம். அதனால் வானம் கொஞ்சம் வெறித்தால் போதும், ரோட்டில் நெல்லைக் கொட்டிவிடுவார்கள். மெல்லிசாகப் பரப்புவார்கள். காலால் சால் ஓட்டியபடி நடந்து கிளறிவிடுவார்கள். தூறல் விழுந்தால் ஓடிவந்து மூடுவார்கள். நின்றால் உடனே திறப்பார்கள். மூடியே வைத்தால் உள்ளே சூடாகி முளைத்துவிடும்.

அப்பாவிடம் விஷயத்தைச் சொல்ல எனக்கே நாக்கு எழவில்லை. "அம்மாவுக்குத் தோல்ல பிரச்னைப்பா. ஈரத்துணியால வந்திருக்கு. அம்மா துணி காயவைக்க இடமே இல்லை" என்று மட்டும் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை.

"நெல்லைக் குவிச்சு மூடி வெச்சா முளைக்கும்னு எனக்குத் தெரியும். இது தெரியாமப்போச்சே" என்றார்.

மறுநாள் கொல்லைப்பக்கத்து அறையில் அடுக்கியிருந்த நெல் மூட்டைகளில் பாதியை ஹாலுக்கு மாற்றினார். அந்த அறைக்குத்தான் எதிரெதிரே இரண்டு ஜன்னல். சுவரிலிருந்து தள்ளி, உயரத்தில், இரண்டு கயிறு கட்டினார். பழைய டேபிள் ஃபேனைத் துடைத்து வைத்தார். "இது உன் அறை. நாங்க யாரும் வரமாட்டோம்" என்று அம்மாவிடம் சொன்னார்.

காயவைப்பது வெயில் மட்டுமல்ல

அந்த அறையில் நாங்கள் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். துணி காய வெப்பம் உதவும், ஆனால் வெப்பம் மட்டுமே வழியில்லை. லடாக்கில் உறைபனியில் தொங்கும் துணி அப்பளம் மாதிரி விறைத்து, அப்புறம் அப்படியே காய்கிறது. பள்ளியில் படித்த பதங்கமாதல்தான், பனிக்கட்டி நேராக ஆவியாகிறது. அங்கே காற்று வறண்டது. இங்கே மழைநாளில் காற்றே ஈரத்தைக் குடித்து நிறைந்திருக்கிறது. துணியை ஒட்டி நிற்கும் ஈரக்காற்று நகர்ந்து, வேறு காற்று வந்தால்தான் காயும்.

முதல் வேலை, தண்ணீரைப் பிழிவது. கையால் பிழிந்த துணியை ஒரு காய்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி முறுக்கினால், இன்னும் எவ்வளவு ஈரம் துண்டுக்குப் போகிறது என்பது தெரியும். வாஷிங் மெஷின் இருந்தால் இரண்டாம் தடவை ஸ்பின் விடலாம்.

அடுத்து, இடைவெளி. துணிக்குத் துணி நான்கு விரல் அகலமாவது இருக்கட்டும். புடவையை நாலாக மடித்துப் போட்டால் உள்மடிப்பு காயாமல் நாறும். உள்ளாடையில் எலாஸ்டிக்கும் தையலும் கடைசியில்தான் காயும். அதனால் உட்புறத்தை வெளியே திருப்பிப் போட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிவிட வேண்டும், நெல்லைக் கிளறுவது மாதிரி.

ஃபேன் துணியின் மேல் படும்படி இருக்க வேண்டும். சாதாரண சீலிங் ஃபேன் சுமார் 75 வாட். எட்டு மணி நேரம் ஓடினாலும் அரை யூனிட்டுக்குக் கொஞ்சம்தான் அதிகம். ஹீட்டர் வைத்த டிரையர்கள் பல 2,000 வாட்டுக்கு மேல் இழுக்கும். ஒரு வாளித் துணி காயும்போது ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர் வீட்டுக் காற்றில்தான் கலக்கிறது. அதனால் மழை வெறித்த நேரத்தில் ஜன்னல்களைத் திறந்து அந்த ஈரத்தை வெளியே அனுப்பிவிட வேண்டும். தூங்கும் அறையில், முக்கியமாக ஆஸ்துமா இருப்பவர்கள் அறையில், துணி காயப்போட வேண்டாம். மார்கழி, தையில் சாயங்காலமே துணியை உள்ளே எடுத்துவிடுங்கள். ராத்திரிப் பனி மறுபடி நனைத்துவிடும்.

அப்பாயி காலத்தில் தணலில் சாம்பிராணி போட்டு, கூடையைக் கவிழ்த்து, மேலே குழந்தைத் துணியைப் பரப்புவார்கள். கதவை மூடிய வீட்டில் அதைச் செய்ய வேண்டாம். கரிப்புகை கண்ணுக்குத் தெரியாமல் ஆளைக் கொல்லும்.

படர்தாமரை இருப்பவர்கள் துணியைத் தனியாக, முடிந்தால் வெந்நீரில் துவைக்கச் சொன்னார் டாக்டர். காய்ந்த பிறகு தையல் பக்கத்தை அயர்ன் செய்வதும் நல்லது. துண்டு ஆளுக்கு ஒன்று. வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால் சேர்த்தே வைத்தியம்.

என் அறையிலும் ஓர் ஆணி

அம்மாவுக்குச் சரியாக ஐந்து மாதம் ஆனது. கருத்த தழும்பு இன்னும் இருக்கிறது. அதற்காக அம்மா அடியோடு மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். அத்தை, சித்தப்பா யாராவது வந்தால் முதல் வேலையாக அந்த அறைக்கு ஓடி எல்லாவற்றையும் சுருட்டிவிடுகிறார். அவர்கள் போனதும் மறுபடி விரிக்கிறார்.

அம்மாவைக் குறை சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. தீபாவளி முடிந்து சென்னைக்குத் திரும்பிய அன்று ராத்திரி, ஹாஸ்டல் அறைக் கதவைச் சாத்தினேன். கதவுக்குப் பின்னால் ஆணி. ஆணியில் என் துண்டு. துண்டுக்கு அடியில் என் துணிகள். பெண்கள் மட்டுமே இருக்கும் ஹாஸ்டல், பெண்கள் மட்டுமே வரும் அறை. யாரிடமிருந்து மறைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. தொட்டுப் பார்த்தேன். ஈரம்.

துண்டை எடுத்துத் தனியாகப் போட்டேன். மற்றதை ஃபேனுக்குக் கீழே நாற்காலி முதுகில் விரித்தேன். காலையில் காய்ந்திருந்தது.

இந்த ஐப்பசிக்கும் டெஸ்க்கில் அதே டிப்ஸ் கட்டுரையைக் கேட்டார்கள். நானே எழுதுகிறேன் என்றேன். முதல் டிப்ஸ் இதுதான்: இன்றைக்கு உங்கள் வீட்டுக் கொடியைப் பாருங்கள். அதில் அம்மாவின் எல்லாத் துணியும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், காற்று வரும் இடத்தில் அவருக்கென்று ஒரு கயிறு கட்டிக் கொடுங்கள்.