ரசிகன் கோபித்துக்கொண்டால் கல்லாப்பெட்டி காலியாகுமா?

"இனிமேல் இந்த ஆட்டத்தையே பார்க்க மாட்டேன்" என்று ரசிகன் சபதம் போட்டால் நஷ்டம் யாருக்கு?

2016 ஆகஸ்டில் காலின் கேப்பர்னிக் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர், கறுப்பின மக்கள் மீதான ஒடுக்குமுறையைக் கண்டித்து, தேசிய கீதத்தின்போது எழுந்து நிற்க மறுத்தார். (இது நம் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம்.) தேசத்தை அவமதித்துவிட்டார் என்று ஒரு கூட்டம் ஆட்டத்தைப் புறக்கணித்தது. 2017இல் அவரை எந்த அணியும் எடுக்கவில்லை என்பதற்காக எதிர்த்தரப்பும் புறக்கணித்தது. வேடிக்கைதான்!

தொலைக்காட்சியில் பார்ப்போர் எண்ணிக்கை 2016இல் சுமார் 8 சதவீதமும், 2017இல் ஏறக்குறைய 10 சதவீதமும் சரிந்தது. எல்லாமே புறக்கணிப்பால் அல்ல. தேர்தல் பரபரப்பு, கைபேசி, நட்சத்திர வீரர்களின் காயம் என்று காரணங்கள் பல.

சரி, வருமானம்? அணிகள் பொதுவாகக் கணக்கைக் காட்டுவதில்லை. ரசிகர்களே பங்குதாரர்களாக இருக்கும் கிரீன் பே பேக்கர்ஸ் மட்டும் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. தொலைக்காட்சிப் பணம் 32 அணிகளுக்கும் சமமாகப் பிரிவதால், அந்த ஒரு கணக்கே போதும். பொது வருமானத்தில் அதன் பங்கு 2016 பருவத்தில் 24.4 கோடி டாலர். கூட்டம் இன்னும் குறைந்த 2017 பருவத்தில் சுமார் 25.6 கோடி. ஏறியிருக்கிறது!

காரணம் எளிது. 2011இலேயே போட்ட ஒப்பந்தம் 2022 வரை. யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் தொலைக்காட்சி நிறுவனம் பேசிய பணத்தைக் கொடுத்தே ஆகவேண்டும். அடி விழுந்தது அந்த நிறுவனங்களுக்குத்தான். வாக்களித்த பார்வையாளர்கள் வராததால், விளம்பரதாரர்களுக்கு இலவசமாகக் கூடுதல் நேரம் தரவேண்டியிருந்தது. விற்பனை சரிந்ததற்கு லீக்கைக் குறைசொன்ன பிட்சா நிறுவனம் ஒன்று 2018 பிப்ரவரியில் விலகிக்கொண்டது; மறுநாளே இன்னொரு பிட்சா நிறுவனம் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

அடுத்த ஒப்பந்தத்திலாவது விலை இறங்கியிருக்க வேண்டுமே? அதுவும் இல்லை. மற்ற நிகழ்ச்சிகளின் கூட்டம் இதைவிட வேகமாகக் கரைந்துகொண்டிருந்தது. இருப்பதில் பெரிய கூட்டம் இதுதான் என்றால் விலை ஏறத்தானே செய்யும்? 2021இல் 11 ஆண்டுகளுக்கு 10,000 கோடி டாலருக்கும் மேல் கையெழுத்தானது.

அப்படியானால் ரசிகனின் கோபம் எங்கேயும் செல்லாதா? பேஸ்பாலில் செல்லுபடியானது. 1994 ஆகஸ்டில் தொடங்கிய வேலைநிறுத்தத்தால் அந்த ஆண்டின் உலகத் தொடரே ரத்தானது. கோடீஸ்வர முதலாளிகளும் லட்சாதிபதி வீரர்களும் பணத்துக்கு அடித்துக்கொள்கிறார்கள் என்று ரசிகர்கள் கொதித்தார்கள். 1995இல் நியூயார்க் மைதானம் ஒன்றில், 'பேராசை' என்று எழுதிய பனியனோடு மூன்று பேர் களத்தில் குதித்து ஒரு டாலர் நோட்டுகளை இறைத்தார்கள். மற்றவர்கள் சத்தமில்லாமல் வராமலே இருந்துவிட்டார்கள். டிக்கெட், வண்டி நிறுத்தக் கட்டணம், பீர் எல்லாம் பெரும்பாலும் ரசிகன் வந்தால்தான் கைக்கு வரும் காசு. தொலைக்காட்சி ஒப்பந்தம்போல் பல ஆண்டுகளுக்கு மொத்தமாக முன்கூட்டி விற்றுவைப்பது கடினம். ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 31,000 பேர் வந்த இடத்தில் 25,000 பேர்தான் வந்தார்கள். பழைய சராசரியைத் திரும்ப எட்ட 2006 வரை ஆனது.