சேலஞ்சர் இல்லாத வான்

எஞ்சினியரிங் எகனாமிக்ஸில் 'ரீப்ளேஸ்மென்ட் அனாலிசிஸ்' படிச்சது ஞாபகம் இருக்கா? கையில் இருக்கிற பழைய மெஷின் டிஃபெண்டர். அதுக்குப் பதிலா வாங்கலாம் என்று சந்தையில் நிற்கிறது சேலஞ்சர். இரண்டுக்கும் வருசச் செலவைக் கணக்குப் போட்டு, எது குறைவோ அதை வைச்சுக்கொள்ள வேணும். ஃபார்முலா தெரிஞ்சால் மார்க் உறுதி.

நான் யாழ்ப்பாணம். எங்கட வீட்டிலும் ஒரு டிஃபெண்டர் இருந்தது. ஐந்து வருசமா அதுக்கு சேலஞ்சரே வரவில்லை. அப்படி ஒரு கணக்கு எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்காததால் இங்க எழுதுறன். என் தமிழ் இடைக்கிடை ஊருக்குப் போய் வரும். ஹாஸ்டலில் பொறுக்கிற மாதிரி இதையும் பொறுத்துக்கொள்ளுங்க. நீங்க வேன் என்கிறதை நாங்க வான் என்போம்.

அது ஒரு டொயோட்டா ஹைஏஸ், எல்.எச். 113. அந்த நம்பரைச் சொன்னால் இலங்கையில் எல்லாருக்கும் விளங்காது. 'டொல்பின்' என்று சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். ஜப்பானில் சில வருசம் ஓடி, பிறகு ரீகண்டிஷன் வாகனமா கப்பலில் வந்தது. 2010இல், ஏ-9 வீதி திறந்த பிறகு, அப்பா குருநாகலுக்குப் போய் அதை வாங்கி வந்தார். அப்பவே அதுக்குப் பதினெட்டு வயசு.

காலையில் ஸ்கூல் பிள்ளைகளை ஏத்திற ஹயர். இடையில கலியாண வீடு, கோயில் திருவிழா. எல்லாத்தையும் விடக் கூடக் காசு வாறது எயார்போர்ட் ஹயரில். கனடா, லண்டனில் இருந்து லீவுக்கு வாற ஆக்களைக் கட்டுநாயக்காவில் ஏத்திக்கொண்டு, விடிய முதல் யாழ்ப்பாணம் வந்து சேர வேணும். ஒரு பக்கம் மட்டும் 350 கிலோமீட்டருக்கு மேல. நான் இங்கிலிஷ் மீடியம் படிச்ச பள்ளிக்கூடத்துக்குக் கட்டின பீஸ், அந்த இரவு ஓட்டங்களில் வந்தது.

மெக்கானிக்கல்காரர் கவனிங்க. டொல்பினில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டைத் தூக்கினால் 3எல்: 2,779 சி.சி., நாலு சிலிண்டர் டீசல். டர்போ இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, டீசல் பம்ப் முழுக்க மெக்கானிக்கல். ஹீட்டர் பிளக் பழுதா என்று பார்க்க மீட்டர்கூடத் தேவையில்லை. கழட்டி பேட்டரியில் நேரே தொடுத்தால் நுனி சிவக்க வேணும். சிவக்கவில்லை என்றால் வேற போடு. அவ்வளவுதான் டயக்னாஸ்டிக்ஸ்.

ஒன்றில் மட்டும் அப்பா விளையாட மாட்டார். அது டைமிங் பெல்ட். ஒவ்வொரு 100,000 கிலோமீட்டருக்கும் டாஷ்போர்டில் 'டி-பெல்ட்' என்று ஒரு லைட் எரியும். டீசலில் கம்ப்ரெஷன் கூட என்றதால் பிஸ்டன் மேல வரும்போது வால்வுக்கு விட்டு வைச்சிருக்கிற இடம் மிகக் குறைவு. ஓடும்போது பெல்ட் அறுந்தால் இரண்டும் மோதும், எஞ்சின் முடிஞ்சுது. எங்கட கையில் அந்த லைட் மூன்று தரம் எரிஞ்சது. மூன்று தரமும் அதே கிழமை மாத்தினார்.

மற்றதெல்லாம் காதால். பதினைந்து பேர் கத்திக்கொண்டு வந்தாலும் "வலது பின் பேரிங் சத்தம் போடுது" என்பார். கராஜில் கழட்டிப் பார்த்தால் அதுவாத்தான் இருக்கும்.

2020 மார்ச்சில் இலங்கை அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. நாட்டில் டொலர் இல்லை. புது வான் வராது, ரீகண்டிஷனும் வராது. நாட்டுக்குள்ள இருக்கிற வாகனங்களைத்தான் ஆளுக்கு ஆள் மாத்தி மாத்தி விக்கலாம். 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபா. மே மாசத்தில் சுமார் 360. பெல்ட், பேரிங், ஃபில்டர் எல்லாம் அந்த ரேட்டில்தான் வந்தது.

இதில் நடந்த வேடிக்கை என்ன தெரியுமா? நாங்கள் படிச்ச டிப்ரிசியேஷன் வளைவு கீழ இறங்கிக்கொண்டே போகும். எங்கட வானுக்கு அது மேல ஏறினது. துருப் பிடிக்கப் பிடிக்க விலை கூடினது. முப்பது வயசு வானுக்கு, அப்பா வாங்கின விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல கேட்டு ஆக்கள் வீட்டுக்கு வந்தினம்.

புத்தகம் என்ன சொல்லுது? வாங்கின விலை சங்க் காஸ்ட், அதை மறந்துவிடு. இன்றைக்கு வித்தால் என்ன வரும் என்பதுதான் டிஃபெண்டரின் விலை. அந்தக் கணக்கில் பார்த்தால், விலை ஏற ஏற அதை வைச்சிருக்கிற செலவும் ஏறுது. விக்கிறதுதான் புத்திசாலித்தனம். அம்மாவும் அதையேதான் கேட்டா.

அப்பா ஒரு கேள்விதான் திருப்பிக் கேட்டார்: "வித்துப்போட்டு என்னத்தில ஓடுறது?"

பக்கத்தில் நிற்கிற இன்னொரு டொல்பினும் அதே விலை. அடுத்த தலைமுறை ஹைஏஸ், நாங்கள் கே.டி.எச். என்று சொல்றது, அதை விடப் பல மடங்கு. அதனால் கூடின விலை லாபமே இல்லை. தொழிலை விட்டுப் போறவனுக்கு மட்டும்தான் அது காசு. தொழிலில் இருக்கிறவனுக்கு அது வெறும் நம்பர்.

பிறகு டீசலும் இல்லாமல் போனது. 2022 ஓகஸ்டில் கியூ.ஆர். கோட்டா. வானுக்குக் கிழமைக்கு 20 லிட்டர். டொல்பின் லிட்டருக்கு ஒன்பது, பத்து கிலோமீட்டர் தரும். 20 லிட்டரில் 200 கிலோமீட்டரும் ஓடாது. எயார்போர்ட் ஹயர் அதோட நின்றது.

அடுத்த மாசம்தான் நான் இங்க படிக்க வந்தது. கட்டுநாயக்கா போய்த் திரும்பச் சுமார் 75 லிட்டர் வேணும். நீங்களே பிரிச்சுப் பாருங்க, நாலு கிழமைக் கோட்டா. பஸ்ஸில் போறன் என்று சொன்னன், கேட்கவில்லை. நாலு கிழமை ஒரு ஹயரும் ஓடாமல் டீசல் சேர்த்தார். அந்த மாச வருமானம் பூச்சியம். வழி முழுக்க அதைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. வவுனியா தாண்டி ஃபேன் பெல்ட் கீச்சிட்டதைப் பற்றி மட்டும் கதைச்சார்.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திரும்பத் தொடங்கியது. வரி கூட என்றாலும் சேலஞ்சர் வந்திட்டுது. ஆனால் அப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. எதிரே வாற லைட் கண்ணில் பரவுது, இரவு ஓட்டம் ஏலாது. இரவு ஓட்டம் இல்லாமல் வானை வைச்சிருந்து பிரயோசனம் இல்லை. விக்க முடிவெடுத்தார்.

வாங்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரித்தான் பார்த்தார்கள். எஞ்சின் குளிரா இருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணச் சொல்வினம். ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்து புகை தள்ளுதா என்று பார்ப்பினம். பொடியில் காந்தம் வைச்சு எங்க புட்டி பூசியிருக்கு என்று தேடுவினம். சேசிஸ் நம்பரைப் பதிவுப் புத்தகத்தோட ஒப்பிடுவினம்.

கடைசியில் வாங்கினவர் கிளிநொச்சிப் பக்கம், அவரும் ஹயர் ஓடுறவர். அவர் கேட்காததையும் அப்பா சொன்னார்: இரண்டாம் கியர் சூடானால் உறுமும், இடது பின் சில்லுக்கு மேல உள்ளுக்குள்ள துரு. விலை அந்த இடத்திலேயே இறங்கினது. ஏன் சொன்னீங்க என்று போனில் நான் கேட்டதுக்கு, "சனத்தோட அவன் நடு ரோட்டில நிற்கக்கூடாது" என்றார். 'ஓப்பன் பேப்பர்' என்று பேர் மாத்தாமல் விக்கிற பழக்கமும் அங்க உண்டு. அதுக்கும் சம்மதிக்கவில்லை. நாளைக்கு ஒரு விபத்து என்றால் பொலிஸ் தேடி வாறது புத்தகத்தில் பேர் உள்ளவனை.

வந்த காசில் என் கடைசி வருச பீஸ் போக, மிச்சம் பேங்கில் இருக்கு. நான் சொன்ன அந்த வெறும் நம்பர், அப்பா தொழிலை விட்ட அன்றைக்குத்தான் காசானது.

இப்ப சனிக்கிழமைகளில், பகலில் மட்டும், வேற ஒருத்தரின் கே.டி.எச். ஓட்டப் போறார். காமன் ரெயில் டீசல், ஏசி, எல்லாம் நல்லம். எப்படி இருக்கு என்று போன கிழமை கேட்டன்.

"நல்லா ஓடுது. ஆனா அது என்ன சொல்லுது என்று எனக்குக் கேட்கேல்ல" என்றார்.